வீட்டு மீடியா சர்வர்: கடலூர், புதுவை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான்காம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. அதில் ஜெல்லிஃபின் (டிஸ்க்கில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் சாஃப்ட்வேர்) போடலாமா? (லாசுப்பேட்டை)

டிவியே ஃபைலை அப்படியே ஓட்டிவிடும் என்றால் தாராளமாகப் போடலாம். டிவிக்குப் புரியாத ஃபைலை சர்வர்தான் அந்த நேரத்திலேயே மாற்றித் தர வேண்டும். அங்கேதான் இது படுத்துவிடும். 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்கும். இன்டெல் சிப்பில் கிராபிக்ஸ் பகுதி அதை முழுசாகக் கையாளத் தொடங்கியது ஏழாம் தலைமுறையில். புதிதாக வாங்குவதானால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி, 8 ஜிபி ரேம் போதும். பழையது வாங்கினால் இன்டெல் சிப்பின் மாடல் எண் ‘எஃப்’ என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால் வேண்டாம், அதில் கிராபிக்ஸே கிடையாது.

சார், கேபிள் போட்டும் 4கே நின்று நின்று வருகிறது. ஆறு மாதம் முன்பு நன்றாக ஓடியது. (தேவனாம்பட்டினம்)

கடலோர வீடு என்றால் முதலில் நெட்வொர்க் கேபிளின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எட்டு ஊசிகளில் ஏதாவது பச்சை பூத்திருக்கும், உப்புக்காற்றின் வேலை. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நீலமோ பழுப்போ விட்டுப்போனால், ஆரஞ்சு, பச்சை ஜோடிகளை வைத்துக்கொண்டு இணைப்பு சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேகம் 100 என்று காட்டினால் பிளக்கை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). கம்பியை பிளேடால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கேபிளையே மாற்றுங்கள்.

இன்னொன்று: பல டிவிகளின் நெட்வொர்க் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். மேற்கொண்டு சுருக்காத 4கே புளூரே ஃபைல் சில காட்சிகளில் அதையும் தாண்டும். அந்த டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

சப்டைட்டில் போட்டால் மட்டும் திக்குகிறது. (நெல்லித்தோப்பு)

அது எழுத்தல்ல, படமாக இருக்கும் பிஜிஎஸ் வகை. அதை வீடியோ மேல் பதித்து அனுப்ப சர்வர் முழுப் படத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டில் ஃபைல் வையுங்கள்.

கரண்ட் போய் வந்தால் டிஸ்க் பழுதாகுமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. (மஞ்சக்குப்பம்)

ஆகலாம். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதா மோடில் மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மினி பிசி, டிஸ்க், ரூட்டர் சேர்ந்து சுமார் 40 வாட்தான். யுஎஸ்பி போர்ட் உள்ள 600 விஏ யுபிஎஸ் ஒன்று தனியாக வைத்தால் பேட்டரி தீரும் முன் சர்வரே ஒழுங்காக அணையும்படி செய்யலாம். இன்வெர்ட்டருக்கு அது தெரியாது. டிஸ்க்கை, திடீர் கரண்ட் கட்டைத் தாங்காத எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வைக்காதீர்கள். லினக்ஸ் என்றால் இஎக்ஸ்டி4. பெட்டி தரையில் வேண்டாம். 2024 ஃபெஞ்சல் மழையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டு டிஸ்க்கை ரெய்டில் போட்டால் பேக்கப் ஆகிவிடுமா அண்ணா? (முத்தியால்பேட்டை)

ஆகாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுதும் ரெய்டு 1 என்றாலும், ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும். படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோவை மட்டும் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள்.