மாணவர் கேள்வி – பதில்: நான்கு ‘மா’வும் நிரம்பிய குப்பைக் கூடையும்

பள்ளி விட்டு வந்து தினமும் இருபது நிமிடம் மாண்டரின் (சீன மொழி) படிக்கிறேன். இரண்டு மாதமாகியும் நான்கு ‘மா’வும் ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. என் காதில் கோளாறா?
– பத்தாம் வகுப்பு மாணவி

காதில் ஒன்றுமில்லை. தமிழில் குரலை ஏற்றி இறக்குவது வாக்கியத்துக்காக. ‘வந்தான்’ என்பதை எந்த ராகத்தில் சொன்னாலும் பொருள் வந்தான்தான். மாண்டரினில் அந்த ஏற்ற இறக்கம் சொல்லுக்கே சொந்தம். அதைத்தான் தொனி என்கிறோம். ‘மா’வை உச்சத்தில் சமமாக நீட்டினால் அம்மா, நடுவிலிருந்து மேலே ஏற்றினால் சணல், அடித்தொண்டையில் தாழ்த்தினால் குதிரை, உச்சியிலிருந்து வெட்டி இறக்கினால் திட்டுவது. இதே வரிசையில் இவைதான் ஒன்று முதல் நான்கு வரையான தொனிகள். ‘மை’யைத் தாழ்த்தினால் வாங்குவது, வெட்டி இறக்கினால் விற்பது. கடையில் இது சின்ன வித்தியாசமில்லை!

பலரும் சறுக்குவது மூன்றாம் தொனியில். புத்தகத்தில் கீழே போய் மேலே வரும் கோடாக வரைந்திருப்பார்கள். அந்தச் சொல் தனியாகவோ வாக்கியக் கடைசியிலோ நின்றால்தான் அப்படி முழுதாக ஒலிக்கும். பேச்சின் நடுவே வந்தால் தாழ்ந்து அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் இறங்கி ஏறினால் பேச்சு நொண்டும். மூன்றாம் தொனிச் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகிவிடும். ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்தில் நடப்பது அதுதான்.

இன்னொரு பிழை, கேள்வி கேட்கும்போது பழக்கதோஷத்தில் கடைசி அசையை உயர்த்துவது. அங்கே கேள்வி போய்விடும், வேறொரு சொல் வந்து நிற்கும்.

தனி ‘மா’வை விட்டுவிட்டு இரண்டு அசைச் சொற்களாகப் பழகுங்கள். நான்கு தொனிகளுக்குப் பின் நான்கு தொனிகளோ தொனியில்லாத மெல்லசையோ வரலாம். ஆக மொத்தம் 20 ஜோடிகள். நாளுக்கு நான்கு ஜோடி, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்கள். கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் எழுத்தைப் பார்க்காமல் கேட்டு எந்த ஜோடி என்று எழுதுங்கள். பேசிய உடனே கேட்டால் என்ன சொன்னோம் என்பது நினைவில் இருக்கும். காது வேலை செய்யாது.

பின்யினை (சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) ஆங்கிலம்போல் வாசிக்காதே என்கிறார் ஆசிரியர். தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவன்

எழுதி வைக்க வேண்டாம். தமிழ் வாயைப் பயன்படுத்துங்கள். பின்யினில் ‘பஸ்’ஸின் முதல் எழுத்தை (b) பார்த்ததும் ஆங்கில ஒலியைப் போடுகிறோம். உண்மையில் அது ‘பாட்டு’, ‘பல்’ என்று தொடங்கும் நம் சாதாரண ‘ப’. ‘பென்சில்’ எழுத்துத்தான் (p) வேறு. அதற்கு வாயிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். நான்காம் தொனியில் தாள் அசையாமல் ‘பா’ என்றால் அப்பா. தாள் துள்ளினால் அதே தொனியில் பயம். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘பா’தான், அதனால்தான் எழுதி வைக்க வேண்டாம் என்கிறோம்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. மனிதரைக் குறிக்கும் ‘ரென்’னை உருட்டாமல் ‘ழன்’ என்று சொன்னால் சரியான ஒலிக்கு வெகு அருகில் போய்விடலாம். கேள்விக்குக் கடைசியில் நாம் ‘ஆ’ சேர்ப்பதுபோல் அவர்கள் ‘மா’ சேர்க்கிறார்கள் (தொனியில்லாத இன்னொரு ‘மா’!). ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதில் சொற்களின் வரிசை அங்கும் அப்படியே. ஆனால் ‘நான் புத்தகம் வாங்கினேன்’ என்றால் வினை நடுவுக்கு வந்துவிடும்.

தமிழில் இல்லாத ஒலி ஒன்று: நாக்கை ‘ஈ’க்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’வாகக் குவியுங்கள். இது வராவிட்டால் பச்சைக்கான சீனச் சொல்லும் சாலைக்கான சொல்லும் ஒரே ‘லூ’வாகிவிடும்.

சீன எழுத்துப் பயிற்சிக்குக் கட்டம் போட்ட நோட்டு தீர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருபக்கம் எழுதிய பழைய தாள்கள் ஆகுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி

தாராளமாக. ஏ4 தாளில் சுற்றிலும் 1.5 சென்டிமீட்டர் ஓரம் விட்டு 2 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டால் அகலத்தில் 9, நீளத்தில் 13, ஆக 117 கட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மங்கலாகக் கூட்டல் குறி போடுங்கள். இதற்கு ‘வயல்’ எழுத்துக் கட்டம் என்றே பெயர். வயலைக் குறிக்கும் எழுத்தும் அதே வடிவம். ஜெல் பேனா மெல்லிய தாளில் ஊறும், பின்பக்க எழுத்தும் கண்ணைக் குழப்பும். பென்சில் போதும்.

ஒரே எழுத்தை ஐம்பது முறை எழுதாதீர்கள். பத்தாவது முறைக்குப் பிறகு கை எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். பார்த்து மூன்று முறை, மூடிவிட்டு இரண்டு முறை. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பார்க்காமல் ஒவ்வொரு முறை. எழுத்தைப் பாகம் பாகமாகப் பிரியுங்கள்: ஒரு மரம் மரம், இரண்டு சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. ‘அம்மா’ எழுத்தின் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. பெண் பொருளுக்கு, குதிரை ஒலிக்கு மட்டும்.

வகுப்பில் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனிக் கூடை வைத்தோம். ஒரே வாரத்தில் எல்லாம் கலந்துவிட்டது. மறுசுழற்சி வீண் வேலைதானா?
– சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள்

கூடையை எங்கே வைத்தீர்கள் என்று சொல்லவில்லையே! ஒன்று கதவருகிலும் இன்னொன்று மூலையிலும் இருந்தால், கதவருகில் இருப்பதுதான் எல்லாருக்கும் குப்பைத்தொட்டி. காகிதம், பிளாஸ்டிக், மற்றவை மூன்றையும் ஒட்டி ஒட்டி வையுங்கள். ‘மற்றவை’ இல்லாமல் இரண்டு மட்டும் வைத்தால் மிச்ச உணவு காகிதத்தில்தான் விழும். எண்ணெய் பட்ட தாள், ஆலையில் காகிதத்தைக் கரைக்கும் கூழில் கரையாமல் கறையாகிவிடும். பக்கத்துத் தாள்களையும் கெடுக்கும். காகிதக் கூடைக்குத் தாள் மட்டும் நுழையும் ஒடுக்கமான வாய் உள்ள மூடி போடுங்கள். அறிவிப்பு ஒட்டுவதைவிட உண்மையான பொருளையே கூடை மேல் ஒட்டுவது பலன் தரும்.

காகிதம்போல் இருந்தும் காகிதமல்லாதவை உண்டு. பழச்சாறு அட்டைப் பெட்டியில் காகிதத்தோடு பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலமாக ஒட்டியிருக்கும். காகிதக் கோப்பையிலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. சந்தேகமானால் கையில் கசக்குங்கள், பளபளவென்று விரிந்து எழுந்தால் காகிதக் கூடைக்கு வேண்டாம். ஸ்டேப்ளர் பின்னை ஆலையிலேயே பிரித்துவிடுவார்கள். சுருள் கம்பியை நீங்கள்தான் உருவ வேண்டும்.

பிளாஸ்டிக்கின் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண், அது என்ன வகை என்று மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழி அல்ல. உங்கள் ஊரில் எந்த எண்களை எடுக்கிறார்கள் என்று சேகரிப்பவரிடமே கேளுங்கள். மன்றத்துக்கு ஒரு சோதனை: தண்ணீர் பாட்டிலிலும் மூடியிலும் சிறு துண்டு வெட்டி நீரில் போட்டு விரலால் அமுக்குங்கள். பாட்டில் (எண் 1) மூழ்கும், மூடி (பெரும்பாலும் 2 அல்லது 5) மிதக்கும். ஆலையில் இரண்டையும் பிரிப்பதும் இப்படித்தான்.

வீணா என்பதற்கு நீங்களே கணக்குப் போடலாம். சாதாரண ஏ4 தாள் 5 கிராம். 40 பேர் ஆளுக்கு நாளுக்கு 2 தாள் போட்டால் 400 கிராம், 200 பள்ளி நாட்களில் 80 கிலோ. ஒரு வகுப்புக்கு மட்டும்! வெள்ளிதோறும் எடைபோட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள்.

தீர்ந்த பேனாவை எந்தக் கூடையில் போடுவது?
– ஏழாம் வகுப்பு மாணவன்

‘மற்றவை’யில். பிளாஸ்டிக், உலோகம், மை எல்லாம் ஒட்டிக்கிடப்பதைப் பிரிக்க ஆகும் செலவு அதன் மதிப்பைவிட அதிகம். ரீஃபில் மாற்றக்கூடிய பேனா வாங்குங்கள். கால்குலேட்டரின் பொத்தான் பேட்டரியை மட்டும் எந்தக் கூடையிலும் போடாதீர்கள். இரு முனையிலும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.