டிவியை எந்த உயரத்தில், எந்தச் சுவரில் மாட்டுவது? கேள்வி பதில்

சிங்கப்பூரில் 16 ஆண்டுகளாக வீடுகளில் டிவி மாட்டிக் கொடுக்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகள், கொண்டோக்கள், ஒன்றிரண்டு பழைய தரைவீடுகள் என்று பார்த்த சுவர்கள் ஏராளம். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

ஈசூன், புது பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டப்படும் வீவக) வீடு: அண்ணே, 65 அங்குல டிவி வாங்கியிருக்கிறோம். அடி விளிம்பு தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருந்தால்தான் அழகு என்கிறார் ரெனோவேஷன்காரர். சரியா?

வேண்டாம் தம்பி. 65 அங்குல டிவியின் உயரம் சுமார் 81 செ.மீ. அடி விளிம்பு 130 என்றால் நடுப்பகுதி 170 செ.மீ.க்குப் போய்விடும். சோபாவில் சாய்ந்து உட்காரும்போது உங்கள் கண் ஏறத்தாழ 105 செ.மீ. உயரத்தில் இருக்கும். 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 15 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம் தாங்கும். ஒரு முழுப் படம் பார்த்தால் மறுநாள் பிடரி வலிக்கும். உங்கள் வீட்டில் பாட்டி பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பவர் என்றால் கணக்கு இன்னும் மோசம். தரையில் உட்கார்ந்தால் கண் உயரம் 75 செ.மீ. அளவுதான், அண்ணாந்து பார்ப்பது 20 டிகிரியைத் தாண்டிவிடும்.

நடுப்பகுதி 105 முதல் 115 செ.மீ.க்குள் இருக்கட்டும். அப்படியென்றால் அடி விளிம்பு 65 முதல் 75 செ.மீ. கேட்கும்போது தாழ்வாகத் தெரியும், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஓட்டை போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தமிழ் முரசு தாள்களை 144 செ.மீ. அகலம், 81 செ.மீ. உயரத்துக்கு ஒட்டிச் சுவரில் டேப் போட்டு வையுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். வீட்டில் ஒவ்வொருவரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ரெனோவேஷன்காரர் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார், பல வருடம் அந்தச் சுவரைப் பார்க்கப் போவது நீங்கள்தான்.

பிடோக், கொண்டோ: டிவிக்குக் கீழே மின்சாரக் கணப்பு வைத்து அலங்காரச் சுவர் கட்டுகிறோம். நெருப்பு எரிவது போலத் தெரியும், சூடும் வரும். டிவிக்கு ஆபத்தா?

இப்போது இதை நிறைய பேர் கேட்கிறார்கள். முதலில் உங்கள் டிவி கையேட்டில் எந்த வெப்பநிலை வரை இயக்கலாம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். குளிர்நாட்டு அறை 20 டிகிரியில் இருக்கிறது, அங்கே 20 டிகிரி இடைவெளி உண்டு. நம் வீட்டில் ஏர்கான் போடாத மதிய வேளையில் 31, 32 டிகிரி. டிவி தானும் சூட்டை வெளியிடும். மிச்சம் இருக்கும் 8 டிகிரியைத் தின்ன ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் கணப்புக்குக் கொஞ்ச நேரமே போதும்.

என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஹீட்டர் பகுதியை இயக்கவே வேண்டாம். இந்தக் கணப்புகள் பெரும்பாலானவற்றில் சுடர் வெளிச்சத்தை மட்டும் தனியாகப் போடலாம். அது எல்இடி விளக்கு, மின்சாரம் மிகக் குறைவு. 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டால் யூனிட் 30 காசு கணக்கில் மணிக்கு 60 காசு, அதோடு அந்தச் சூட்டைத் தணிக்க ஏர்கான் வேறு. வீட்டில் யாராவது தவறிப்போய் ஹீட்டரைப் போட்டுவிடக்கூடும் என்பதால், சூடான காற்று மேலே வராமல் முன்பக்கமாக வரும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். மேலே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கையேடு சொல்வதைக் குறைக்காதீர்கள். நீராவி போலப் பனிப்புகை விட்டுச் சுடர் காட்டும் வகையை மட்டும் டிவிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். அந்த ஈரம் மேலே ஏறி டிவியின் அடிப்பக்கத் துளைகளுக்குள் போகும்.

உயரமும் முக்கியம். நீளமாக, தாழ்வாக இருக்கும் கணப்பை வாங்குங்கள். அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து 55 செ.மீ., அதற்கு மேல் 20 செ.மீ. இடைவெளி என்றால் டிவியின் அடி விளிம்பு 75-ல் நிற்கும். 65 அங்குலத்துக்கு நடுப்பகுதி 115. கழுத்துக்கும் நல்லது, கையேடு அதைவிட அதிக இடைவெளி கேட்காதவரை டிவிக்கும் நல்லது.

உட்லண்ட்ஸ்: மகன் மெல்பர்னில் வீடு வாங்கியிருக்கிறான். அங்கே உண்மையான எரிவாயுக் கணப்பு இருக்கிறது. அதற்கு மேல் டிவி மாட்டலாமா என்று உங்களைக் கேட்கச் சொன்னான்.

அம்மா, அங்கே சூடு நிஜம். டிவி வரப்போகும் இடத்தில் சுவரில் ஒரு வெப்பமானியை ஒட்டிவிட்டு, கணப்பை முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிய விடச் சொல்லுங்கள். 38, 40 டிகிரியைத் தொட்டால் அந்த இடம் வேண்டாம். கணப்புக்கு மேல் ஆழமான கல் அல்லது மரப் பலகை நீட்டிக்கொண்டிருந்தால் சூடான காற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடும், அது உதவி. சுவருக்குப் பின்னால் புகைபோக்கிக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் துளையிடவே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரில் கணப்பு தினமும் எரியும், அப்போதுதான் எல்லாரும் வீட்டுக்குள் டிவி பார்ப்பார்கள். பக்கச் சுவர் காலியாக இருந்தால் அங்கேயே மாட்டச் சொல்லுங்கள்.

செங்காங்: எங்கள் சாமி மேடைக்கு மேலேதான் இடம் இருக்கிறது. தினமும் விளக்கு ஏற்றுவோம். அங்கே டிவி மாட்டலாமா?

அக்கா, நம் வீடுகளில் கணப்பு இல்லையே தவிர, எரியும் விளக்கு இருக்கிறதே. நல்லெண்ணெய் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் டிவியின் பின்பக்கத் துளைகளில் பிசுக்காகப் படியும். தூசி அதில் ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் அடைபடும். அந்தக் கருமையை நான் துடைத்துப் பார்த்திருக்கிறேன், லேசில் போகாது. நெருப்புக்கு நேர் மேலே பிளாஸ்டிக் பொருளைத் தொங்கவிடுவதும் சரியில்லை. மேடை அதே இடத்தில் இருக்கட்டும். டிவியை வேறு சுவருக்குக் கொண்டுபோங்கள், அல்லது தாழ்வான மேசையில் நிறுத்துங்கள்.

பொங்கோல்: வெளியே இழுத்துத் திருப்பும் கையுள்ள தாங்கி வாங்கினேன். 20 கிலோ டிவி. சுவரைத் தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது. தாங்குமா?

அப்படியே மாட்டாதீர்கள், தம்பி. இதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், உள்ளே வெற்றிடம் உள்ள இலேசான பலகைச் சுவரில் திருகைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டு, இப்படி ஒரு கைத் தாங்கியை மாட்டினேன். இரண்டு வாரத்தில் வீட்டுக்காரர் அழைத்தார். மேல் திருகுகள் இரண்டும் பிடுங்கிக்கொண்டு டிவி சாய்ந்து தொங்கியது. அவர்களுடைய குழந்தை வழக்கமாக அதன் அடியில்தான் விளையாடும். அன்று பள்ளிக்குப் போயிருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்ற நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

கணக்கு இதுதான். டிவி சுவரை ஒட்டி 6 செ.மீ. தள்ளி இருந்தால், மேல் கீழ் திருகுகளுக்கு 20 செ.மீ. இடைவெளி என்று வைத்தால், மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை சுமார் 6 கிலோ எடைக்குச் சமம். அதே டிவியைத் தாங்கியின் கையோடு 50 செ.மீ. வெளியே இழுத்தால் 50 கிலோ. டிவி ஒன்றுதான், சுவர் படும் பாடு எட்டு மடங்கு.

சுவர் எது என்று துளையிடும் தூளே சொல்லும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூளோடு டிரில் மெதுவாக, முக்கி முக்கிப் போனால் கான்கிரீட், அதற்கு சாதாரண டிரில் போதாது, சுத்தியல் டிரில் வேண்டும். ஒரு விரல் அகலம் போனதும் திடீரென்று உள்ளே விழுந்தால் வெற்றிடம். அங்கே பின்னால் விரிந்து பிடிக்கும் போல்ட்டும் சுவரை ஒட்டிய தாங்கியும்தான் சரி. கைத் தாங்கியே வேண்டும் என்றால் கான்கிரீட் சுவருக்கு மாறுங்கள். கான்கிரீட்டிலும் ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக் போடுங்கள். தூள் இருந்தால் பிளக் சரியாகப் பிடிக்காது.

சுவா சூ காங்: பாம் ஷெல்டர் சுவரில் டிவி மாட்டலாமா?

அது வெடிகுண்டுத் தாக்குதலின்போது ஒதுங்கும் காப்பறையின் பாதுகாப்புச் சுவர். உடைப்பதும் வயர் பதிக்கச் சால் வெட்டுவதும் கூடாது. வெளிப்பக்கம் திருகு போடுவதற்கும் குடிமைத் தற்காப்புப் படை ஆழம், விட்டம் எல்லாம் விதித்திருக்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் டிரில்லை எடுக்காதீர்கள். நான் என்றால் அந்தச் சுவருக்கு முன்னால் காலூன்றி நிற்கும் டிவி ஸ்டாண்ட் வைத்துவிடுவேன்.

தெம்பனீஸ்: ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஓய்வு. அன்று துளையிடலாமா?

கூடாது. வீவக வீடுகளில் பொதுவான புதுப்பிப்பு வேலைகளுக்குத் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரைதான் நேரம். ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மேல்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

தோ பாயோ: வயர்கள் தொங்குவது பிடிக்கவில்லை. சுவருக்குள் ஒளிக்கலாமா?

பழைய வீட்டில் எது கட்டடத்தைத் தாங்கும் சுவர் என்று தெரியாமல் சால் வெட்டாதீர்கள், கான்கிரீட் என்றால் அந்த எண்ணத்தையே விடுங்கள். வயரை உள்ளே வைத்து மூடும் வெள்ளை பிளாஸ்டிக் டிரங்கிங் ஒட்டி, சுவர் நிறத்தில் பெயின்ட் அடித்தால் கண்ணில் படாது. அலங்காரப் பலகை கட்டுவதாக இருந்தால், டிவிக்குப் பின்னால் புது பிளக் பாயின்ட்டை உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் கேட்டுப் போடுங்கள். டிவியோடு வரும் மின்வயரைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது. பலகையை மூடுவதற்கு முன் எச்டிஎம்ஐ வயரைச் சொருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள், நாளைக்கு வேறு வயர் இழுக்க ஒரு கயிற்றையும் உள்ளே விட்டு வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள், பெரும்பாலும் வயர் அங்கேதான் ஓடும்.

ஜூரோங் வெஸ்ட்: டிவியைச் சுவரில் மாட்டியதிலிருந்து வசந்தம் சேனல் விட்டு விட்டு வருகிறது. மேசையில் இருந்தபோது நன்றாக வந்தது.

ஆன்டெனாவை டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருப்பீர்கள், சரியா? தாங்கி இரும்பு, டிவியின் முதுகிலும் உலோகம். சிக்னல் அங்கே மறைபடும். ஆன்டெனாவை வெளியே எடுத்து ஜன்னல் ஓரமாக வையுங்கள், வயர் எட்டவில்லை என்றால் நீட்டிப்பு வயர் வாங்கிப் போடுங்கள். அப்புறம் டிவியில் சேனல்களை ஒரு முறை மறுபடி தேடச் சொல்லிப் பாருங்கள்.