சர்வர் படுத்துவிட்டால் மெயில் எங்கே போகும்?

கேள்வி: மண்டபத்தில் நண்டும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கணக்கு, கடிதம், மெயில் எல்லாம் என் தலையில்தான். ஆபீஸ் மாடியில் சொந்த மெயில் சர்வர் ஓடுகிறது. வாடைக் காற்று ஆரம்பித்தால் கரண்ட் போகும், இல்லையென்றால் இன்டர்நெட் லைன் அறுந்துபோகும். வெளியூரிலிருந்து வரும் சர்வர் ஆள் ஒருவர், “பேக்கப் மெயில் சர்வர் வைத்துத் தருகிறேன், வருடத்துக்கு 18,000 ரூபாய், அதன்பிறகு ஒரு மெயில்கூடத் தொலையாது, லைன் இல்லாத நேரத்திலும் மெயில் பார்க்கலாம்” என்கிறார். முதலாளி என்னைக் கேட்கிறார். வைக்கலாமா?

பதில்: அவர் சொன்னதில் இரண்டாவது பாதி சுத்தப் பொய். அதை முதலில் முடித்துவிடுகிறேன். பேக்கப் சர்வரில் உட்கார்ந்து யாரும் மெயில் படிக்க முடியாது. வந்ததை வாங்கி வரிசையில் வைத்து, உங்கள் சர்வர் எழுந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. லைன் இல்லாதபோதும் மெயில் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தேவை வேறு பொருள், விலையும் வேறு. இது தெரியாமல் அவர் விற்கிறாரா, தெரிந்தே விற்கிறாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

முதல் பாதிக்கு வருவோம். சர்வர் படுத்துவிட்டால் அந்த நேரத்தில் வந்த மெயில் கடலில் விழுந்த சாவி மாதிரி போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. உண்மையில் மெயில் அப்போது அனுப்பியவருடைய சர்வரிலேயே இருக்கிறது. கதவைத் தட்டிப் பார்த்து, திறக்கவில்லை என்றால் கையில் வைத்துக்கொண்டு மறுபடி வரும். குறைந்தது அரை மணி நேர இடைவெளி விட்டுத் தட்டு, நாலைந்து நாளாவது முயற்சி செய், அதன்பிறகுதான் திருப்பி அனுப்பு என்று 1989-லேயே இணைய விதிமுறையில் எழுதிவிட்டார்கள். 2008-ல் வந்த புதிய மெயில் விதிமுறையான ஆர்எஃப்சி 5321-லும் அதேதான். எழுதியவர்கள் மண்டபத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும் கரண்ட் போகும், லைன் போகும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

ஆக மதியம் போய் ராத்திரி வரும் கரண்டுக்கு உங்களுக்குப் பேக்கப் சர்வர் வேண்டாம். இன்னும் சொன்னால் அது கெடுதல். எப்படி என்று கேளுங்கள். பல சர்வர்கள் நாலு மணி நேரம் ஆகியும் மெயில் போய்ச் சேரவில்லை என்றால், “இன்னும் சேரவில்லை, முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்” என்று அனுப்பியவருக்கு ஒரு தகவல் தரும். அதைப் பார்த்ததும் வாங்குகிறவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவார், இல்லை போன் அடிப்பார். நடுவில் பேக்கப் சர்வர் இருந்தால் அது நல்ல பிள்ளையாக மெயிலை வாங்கிக்கொள்ளும். அனுப்பியவர் கணக்கில் மெயில் சேர்ந்துவிட்டது. நீங்களோ பார்க்கவில்லை. கன்டெய்னர் தேதியை மாற்றச் சொல்லி வந்த மெயில் அந்த வரிசையில் தூங்கும். “நான்தான் நேற்றே அனுப்பினேனே” என்று அவர் சொல்வார், உங்களிடம் பதில் இருக்காது.

அப்படியானால் யாருக்குமே தேவையில்லையா என்றால், ஒரு இடத்தில் தேவை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் கதை இதுவாகவும் இருக்கலாம்.

நாலைந்து நாள் என்பது விதி. எல்லோரும் அந்த விதிப்படி நடக்கிறார்கள் என்று யார் சொன்னது? பெரிய கம்பெனிகள் சொந்தமாக வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர், யாரும் கை வைக்காவிட்டால், 2 நாளில் கைகழுவிவிடும். ஒரே நாளில் கைவிடும் சேவைகளும் உண்டு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு பாஸ்டனில் ஒருவர் ஆர்டரை அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். அங்கே கோடைக்காலம் என்றால் நமக்கு அப்போது சனிக்கிழமை அதிகாலை ஒன்றரை. உங்கள் லைன் ஒரு மணிக்கே போய்விட்டது. சனிக்கிழமை புகார் கொடுத்தால் “ஆள் அனுப்புகிறோம்” என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கமாட்டார்கள், திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து ஃபைபரை ஒட்டுவார்கள். மொத்தம் 57 மணி நேரம். அவருடைய சர்வர் 48 மணி நேரத்தில், அதாவது திங்கட்கிழமை அதிகாலை ஒன்றரைக்கே மெயிலைத் திருப்பிவிட்டது. எட்டரை மணி நேர வித்தியாசத்தில் ஆர்டர் போச்சு. அவர் மறுபடி அனுப்புவார் என்று நம்பலாம், அனுப்பாமல் பக்கத்துக் கம்பெனிக்கும் அனுப்பலாம். இந்த மாதிரி ஒரு நாளைத் தாண்டிய படுக்கை வருடத்தில் மூன்று நாலு முறை வருகிறதென்றால் பேக்கப் சர்வருக்கு அர்த்தம் உண்டு. ஆபீஸ் டைரியைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போன கதைகளைச் சேர்க்காதீர்கள்.

புயல் வந்தால் என்று கேட்பீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்து டெல்டாப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2020 டிசம்பரில் புரெவி நம் பாம்பன் அருகே வந்து அசையாமல் நின்றது நினைவிருக்கும். அந்த அளவுக்குப் போனால் பேக்கப் சர்வரும், அதில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளின் வழக்கப்படி, 5 நாள்தான் வைத்திருக்கும். ஐப்பசி பிறக்கும்போதே அதைப் பத்துப் பதினைந்து நாளாக ஏற்றி வைத்துவிட வேண்டும், ஒரே ஒரு வரி மாற்றம்.

இனி, வைப்பதென்றால் எப்படி வைக்கக் கூடாது என்பது. இதில் நானே பட்டிருக்கிறேன்.

பல வருடம் முன்னால் கீழக்கரையில் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு நான் பேக்கப் சர்வர் வைத்தேன். அந்த டொமைனுக்கு (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் இருக்கும் கம்பெனிப் பெயர்) வரும் எல்லா மெயிலையும் வாங்கிக்கொள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு ஊர் திரும்பினேன். அந்தக் கம்பெனியில் மெயில் முகவரி உள்ளவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பெயரை பேக்கப் சர்வருக்கு நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் “எங்க வீட்டுக்குக் கூரியர் வந்தா வாங்கி வைங்க” என்று சொல்லி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாமல் போன மாதிரி. எந்தப் பெயருக்கு வந்தாலும் அக்கா வாங்குவார். பிறகு நம் வீட்டில் கொடுத்தால், “இப்படி யாரும் இங்கே இல்லை” என்போம். அக்கா அதை அனுப்புநர் முகவரிக்கே திருப்பி அனுப்புவார். அந்த முகவரியோ ஸ்பாம்காரன் எங்கிருந்தோ திருடிப் போட்டது. சம்பந்தமே இல்லாத ஆட்களின் வீட்டு வாசலில் நம் பெயரில் குப்பை போய் விழும்.

ஸ்பாம்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் சர்வரை விட்டுவிட்டு வேண்டுமென்றே பேக்கப்பைத் தேடிப் போவான், கொல்லைப்புறக் கதவில் காவல் குறைவு என்று. ஒரு வாரத்துக்குள் கீழக்கரைப் பெட்டியின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் எண், ஸ்பாம் அனுப்புகிறவர்களின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. வெளியே போகும் மெயிலையும் அதே பெட்டி வழியாக விட்டிருந்தேன், அது இரண்டாவது முட்டாள்தனம். முதலாளி காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன் செய்தார்: “என்ன தம்பி, துபாய்க்கு ஒரு மெயிலும் போவலயே, நீங்க வச்ச பொட்டிதானா காரணம்?” நான்தான் காரணம். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க நான் பட்ட பாட்டை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

அதனால் உங்களிடம் வரும் ஆளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எங்கள் ஆபீஸில் இருக்கும் மெயில் முகவரிகளின் பட்டியல் உங்கள் சர்வரில் இருக்குமா? இல்லாத பெயருக்கு வந்தால் வாசலிலேயே திருப்புமா?” இருக்கும் என்றால், புதிதாக ஒருவர் சேரும்போது அதை யார் ஏற்றுவது என்றும் கேளுங்கள். தலையைச் சொறிந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது நீங்கள் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது. பேக்கப் கொண்டுவரும் மெயிலை உங்கள் சர்வர் சந்தேகப்படக் கூடாது. ஜப்பான்காரர் அனுப்பிய மெயில் பேக்கப்பின் ஐபியிலிருந்து வந்தால், அனுப்பியவர் பெயரில் எந்தச் சர்வர் மெயில் கொண்டுவரலாம் என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை “இது அவர் சர்வர் இல்லையே” என்று உங்கள் சர்வரில் தள்ளிவிடும். பேக்கப்பின் ஐபியை நம்பகமானது என்று எழுதி வைத்தால் சரி. ஸ்பாம் சோதனையை அப்போது பேக்கப்பிலேயே செய்ய வேண்டும். இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில், மெயிலை எந்தச் சர்வரில் கொடுப்பது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இரண்டு இருக்கும்: உங்களுடையதற்கு 10, பேக்கப்புக்கு 20. சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை. எண் பெரிதாக இருந்தால் பெரிய ஆள் என்று நினைத்து மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேக்கப் உங்கள் ஆபீஸ் கட்டடத்தில் இருக்கவே கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்பீர்கள். ஒரு இடத்தில் அதே மேஜைக்கு அடியில், அதே யுபிஎஸ்ஸில், அதே ரவுட்டரில் சொருகி வைத்துவிட்டுப் பணமும் வாங்கிப் போயிருக்கிறார் ஒரு புண்ணியவான். டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் பெயர் சர்வர் உங்கள் மாடியிலேயே ஓடினால், லைன் போனதும் பேக்கப் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல ஆள் இருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. உங்கள் டொமைன் யார் கையில் இருக்கிறது? இந்தக் கடற்கரையில் நான் பார்த்த பாதிக் கம்பெனிகளுக்கு அது தெரியாது. “நாங்களே பதிந்து தருகிறோம் சார், உங்களுக்கு எதற்குச் சிரமம்” என்று ஏஜென்ட் தன் பெயரில், தன் ஜிமெயிலில் பதிந்துவிடுவார். பேக்கப்பும் அவருடையதாகிவிட்டால் முன்வாசல் சாவியும் கொல்லைச் சாவியும் அவர் இடுப்பில். அடுத்த வருடம் 18,000 என்பது 30,000 ஆனால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வராது. டொமைன் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் மெயில் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். கம்பெனியில் யாருக்கும் வரவில்லையென்றால் சாவி வெளியில் இருக்கிறது. டொமைனை உங்கள் கைக்கு வாங்கியபிறகு, அதற்குத் தொடர்பு மெயிலாக உங்கள் சொந்த டொமைன் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். சர்வர் படுத்த நாளில் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் சேர்ந்து படுத்துவிடும்.

லைன் கொடுப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெயில் சர்வருக்காக மாறாத ஐபிக்கும், அந்த ஐபி யாருடையது என்று சொல்லும் தலைகீழ்ப் பெயர்ப் பதிவுக்கும் விண்ணப்பித்தால் லெட்டர்ஹெட் கேட்பார்கள், சீல் கேட்பார்கள், சீலின் மேல் கையெழுத்து கேட்பார்கள். கொடுத்தால் “மேலே அனுப்பியிருக்கிறோம்” என்பார்கள். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று இருபது வருடமாகத் தேடுகிறேன்.

பணம் செலவழிப்பதற்கு முன் மாடிக்குப் போய் யுபிஎஸ் பேட்டரி முனைகளைப் பாருங்கள். போன வருடம் உங்கள் பக்கத்தில் ஒரு ஆபீஸில் “லைன் அடிக்கடி போகுது” என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் லைனில் குற்றமே இல்லை. கடல் பக்கம் ஜன்னல் திறந்தே கிடந்தது. பேட்டரி முனையில் விரல் நகம் கனத்துக்குப் பச்சைக் களிம்பு, நெட் கேபிள் முனையின் எட்டுக் கம்பியில் மூன்று கறுத்துப்போயிருந்தன. சுரண்டித் துடைத்து, வாஸ்லின் தடவி, கேபிள் முனையை மாற்றி, ஜன்னலைச் சாத்தினேன். செலவு டீயோடு சேர்த்து முந்நூறு ரூபாய்.

இத்தனைக்கும் பிறகு வைப்பதாக முடிவு செய்தால், பணம் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஆளை வரச் சொல்லுங்கள். சர்வரின் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். உங்கள் போனில் ஜிமெயிலிலிருந்து ஆபீஸ் முகவரிக்கு ஒரு மெயில், ஆபீஸில் இல்லாத ஒரு பெயருக்கு ஒரு மெயில். இரண்டாவது உடனே திரும்பி வரவேண்டும். முதலாவது பேக்கப் வரிசையில் நிற்பதை அவர் திரையில் காட்டவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கேபிளைச் சொருகுங்கள். வரிசையில் நின்ற மெயில் தானாக வர, போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கப்படி 4000 விநாடி வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வரிசையை உடனே தள்ளிவிட ஒரு கட்டளை உண்டு, அதை அவர் உங்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். செய்து காட்டச் சொன்னதும் அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டொமைன் யார் பெயரில் இருந்தது என்பதையும் சேர்த்து.