போர்க்கப்பல் மாதிரிக்கு எந்த மோட்டார்?

கேள்வி: 1:96 அளவில் ஃபிளெட்சர் வகை நாசகாரிக் கப்பலின் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரியைக் கட்டி வருகிறேன். நீளம் 1.2 மீட்டர். இரண்டு தண்டுகள், 35 மி.மீ. புரொப்பெல்லர்கள், 7.2 வோல்ட் பேட்டரி. கடைக்காரர் 3,000 கே.வி. பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் இரண்டை வாங்கச் சொல்கிறார். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நல்ல மோட்டாராகவே இருக்கலாம். உங்கள் கப்பலுக்கு அது பொருந்தாது. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி என்பதே கே.வி. உங்கள் பேட்டரியில் அந்த மோட்டார் 21,000 சுழற்சிக்கு மேல் போகும். விரைவுப் படகுக்கு அது சரி.

நாசகாரிக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதிரி எழுப்பும் அலை அசல் கப்பலின் அலைபோலத் தெரிய வேண்டுமானால், அசல் வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 96-இன் வர்க்கமூலம் 9.8. அசல் கப்பல் 36 நாட் வேகத்தில் போனால் உங்களுடையது 3.7 நாட், அதாவது விநாடிக்கு 1.9 மீட்டர் போனால் போதும். கரையில் ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் கூடவே வந்துவிடலாம். இதற்கு 35 மி.மீ. புரொப்பெல்லர், தண்ணீரில் வழுக்கி வீணாவதையும் சேர்த்து, நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றினால் தாராளம்.

ஆகவே சாதாரண கார்பன் பிரஷ் மோட்டாரே போதும்; 540 அளவில் பாருங்கள். ஆனால் 540 என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்துவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த எண் மோட்டார் கூட்டின் அளவை மட்டுமே சொல்கிறது: விட்டம் சுமார் 36 மி.மீ., நீளம் சுமார் 50 மி.மீ. உள்ளே கம்பி எத்தனை சுற்று என்பது அதில் இல்லை. மாதிரிக் கார்களில் வரும் 27 சுற்று மோட்டார் 7.2 வோல்ட்டில், சுமையில்லாமல், 15,000 அளவுக்குச் சுழலும். பாறை ஏறும் மாதிரி வண்டிகளுக்கான 55 சுற்று மோட்டார் வெளித்தோற்றத்தில் அதேதான். வேகமோ ஏறக்குறைய பாதி. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. நேரடியாகத் தண்டோடு இணைக்கும்போது புரொப்பெல்லர் மோட்டாரின் விட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது மாதிரிக் கப்பல்காரர்களின் பழைய வழக்கம். உங்கள் அளவு அதற்குள் அடங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. போர்க்கப்பலின் அழகு அது மெதுவாகத் துறையை விட்டு நகர்வதில்தான். சுழலும் பாகத்தின் நிலையை அறியும் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்கள் மிகக் குறைந்த வேகத்தில் திக்கித் திக்கிப் புறப்படும். பிரஷ் மோட்டார் அங்கே வழுவழுவென்று நகரும்.

கேள்வி: மோட்டார் பெட்டியில் அதிகபட்ச வாட் மட்டுமே அச்சிட்டிருக்கிறது. இரண்டு மோட்டாருக்கும் ஒரே இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) போதுமா?

பதில்: அந்த வாட் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது ஸ்டால் மின்னோட்டம்: தண்டு நின்றுபோனால் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்ற கணக்கு. குளத்துப் பாசி ஒரு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் நடப்பது அதுதான். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

ஒரே இ.எஸ்.சி. போதும். இரண்டு மோட்டாரையும் இணையாக இணைத்தால் ஆம்பியர்கள் கூடும். அந்தக் கூட்டுத்தொகையைத் தாங்குகிறதா என்று பாருங்கள். பின்னோக்கி ஓட்டும் வசதியும் இருக்க வேண்டும், விமானத்துக்கான இ.எஸ்.சி.க்கள் பெரும்பாலும் முன்னோக்கி மட்டுமே ஓட்டும். கப்பலைத் தண்ணீர்த் தொட்டியில் அசையாமல் பிடித்துக்கொண்டு, முழு வேகத்தில் ஒவ்வொரு மோட்டாரும் இழுக்கும் ஆம்பியரை வாட் மீட்டரால் அளந்து, அதற்குச் சற்று மேலான ஃபியூஸை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

கேள்வி: ஒரு புரொப்பெல்லர் இடமும் மற்றது வலமும் சுழல வேண்டும். மோட்டாரில் தனி வகை உண்டா?

பதில்: இல்லை, ஒன்றின் கம்பிகளை மாற்றி இணைத்தால் எதிர்த்திசையில் சுழலும். ஆனால் சில மோட்டார்களில் பிரஷ்களை ஒரு திசைக்குச் சாதகமாகச் சற்றுத் திருப்பி வைத்திருப்பார்கள்; மறுதிசையில் அவை வேகம் குறைந்து, அதிகம் சூடாகும். டைமிங், அதாவது பிரஷ்களின் இந்த நிலை, எந்தத் திசைக்கும் சாயாமல் நடுநிலையில் உள்ளதா என்று கேட்டு, இரண்டையும் ஒரே மாடலில் ஒன்றாகவே வாங்குங்கள்.