கனடாவின் சஸ்காட்செவனில் கோதுமைப் பண்ணையில் வளர்ந்து 92 வயதில் இறந்த மாமியாருக்கு நினைவுக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். 'கடின உழைப்பாளி' என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

முதலில் அந்த 'கடின உழைப்பாளி'யை அடித்துவிடுங்கள். எல்லா இரங்கல் குறிப்பிலும் அது இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. என்ன வேலை, எந்தச் சாமான், எத்தனை தடவை என்று எழுதுங்கள்.

92 வயதில் போனார் என்கிறீர்கள். அப்படியானால் வளர்ந்தது 1930களிலும் 40களிலும். சஸ்காட்செவனில் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சட்டமே 1949-இல்தான் வந்தது. பெரும்பாலான பண்ணைகளுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது 50களில். அவர் சிறுமியாக இருந்தவரை எல்லாம் கையால்தான். ("எங்கள் பாட்டி செய்யாத வேலையா?" என்று கீழே கமெண்டில் ஒருவர் வருவார். செய்திருப்பார் ஐயா, கேள்வி அவரைப் பற்றியது இல்லை.)

கோதுமைப் பண்ணை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் மாடு இருந்திருக்கும். கோதுமைக்கு வருஷத்தில் ஒரு முறைதான் காசு. மளிகைக்கும் செருப்புக்கும் கிரீமும் முட்டையும் விற்ற காசுதான். ஆகவே உங்கள் நாத்தனாரிடம் முதலில் கேட்க வேண்டியது பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் கைமெஷினான கிரீம் செபரேட்டரைப் பற்றி.

கறந்த சூட்டோடு பாலை அதில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், பல மாடல்களில் நிமிஷத்துக்கு 60 சுற்று. சிலவற்றில் கைப்பிடியிலேயே ஒரு சின்ன மணி உண்டு. வேகம் போதாதவரை அடித்துக்கொண்டே இருக்கும், சரியான வேகம் வந்ததும் அடங்கிவிடும். வேகம் குறைந்தாலோ பால் ஆறிப்போயிருந்தாலோ கொழுப்பு சரியாகப் பிரியாமல் கன்றுக்கும் பன்றிக்கும் போகிற பாலோடு போய்விடும். காசு அங்கேயே கசிகிறது.

சுற்றுவதைப் பையன்கள்கூடச் செய்வார்கள். கழுவுவது பெண்பிள்ளை தலையில். உள்ளே இருக்கும் கிண்ணத்தில் கூம்பு வடிவத் தகடுகள் இருபது, முப்பது இருக்கும். காலையும் மாலையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து, முதலில் வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் வெந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினாலும் போகாது. அலசிய பிறகு சலவைச் சோடா போட்ட வெந்நீர், கடைசியில் கொதிநீர். தகடு வரிசை மாறினால் கிண்ணம் சமன் தப்பி அதிரும். பிரிந்த கிரீமைக் கிணற்றில் தொங்கவிட்டோ நிலவறையில் வைத்தோ ஆறவைக்க வேண்டும். சூடான கிரீமை ஏற்கெனவே ஆறிய கேனில் கொட்டினால் மொத்தமும் புளிக்கும், தரம் இறங்கும், விலை குறையும்.

வீட்டுக்கு வெண்ணெய் கடைந்ததையும் கேளுங்கள். கிரீம் 13 முதல் 16 டிகிரிக்குள் இருந்தால் அரைமணியில் கோதுமை மணி அளவுக்குத் திரளும். அதிகச் சூட்டில் கடைந்தால் பிசுபிசுவென்று வரும், ரொம்பக் குளிர்ந்திருந்தால் கை ஓய்ந்தாலும் திரளாது. மோரை வடித்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை குளிர்நீரில் கழுவி, கிலோவுக்கு 20 முதல் 30 கிராம் உப்புப் பிசைய வேண்டும். மோர் மிச்சமிருந்தால் சீக்கிரம் காறிவிடும்.

துவைப்பது திங்கட்கிழமை. பிரெய்ரி என்ற அந்தப் புல்வெளிச் சமவெளியில் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர், சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் ஒட்டும். அதனால் கோடையில் மழைநீர்ப் பீப்பாய், குளிர்காலத்தில் உருக்கிய பனி. பத்து வாளிப் பனிக்கு ஒரு வாளித் தண்ணீர் கிடைத்தால் அதிகம். அண்டாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் பனியைப் போட வேண்டும், வெறும் அண்டாவில் போட்டால் அடி தீயும். கொடியில் போட்ட துணி பலகையாக உறையும். உறைந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் காயும், ஆனால் அந்த நிலையில் மடித்தால் இழை முறியும்.

சோப்பும் வீட்டில்தான். உருக்கி வடித்த மாட்டுக்கொழுப்பு 1 கிலோவுக்குக் காஸ்டிக் சோடா சுமார் 130 கிராம், தண்ணீர் 350 மில்லி. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். இரும்பு அல்லது எனாமல் பாத்திரம் மட்டும். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: இப்போது 'பாட்டி காலத்து இயற்கை சோப்பு' என்று வீடியோ போடுகிறவர்கள் அலுமினியப் பாத்திரத்தில் கலக்கிக் காட்டுகிறார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அதே ஆட்கள்தான் இறைச்சியை ஜாடியில் அடைத்து மூன்று மணி நேரம் கொதிநீரில் வைத்தால் போதும் என்கிறார்கள். அன்று அப்படிச் செய்தது உண்மை, போட்டுலிசம் விஷத்தில் குடும்பங்கள் செத்ததும் உண்மை. அழுத்தத்தில் ஜாடியைச் சூடாக்கும் பிரஷர் கேனர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

1930களின் வறட்சியையும் புழுதியையும் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், ஒரு வரி போதும்: சோறு போடும்வரை தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்களா, ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. கேட்காததுதான், ஆனாலும். குறிப்பில் 'தாத்தாவின் பண்ணை' என்று எழுதும் முன் யோசியுங்கள். கனடாவின் 1872 நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டி, அங்கே குடியிருந்து பயிரிட்ட ஆணுக்கு 160 ஏக்கர் கிடைத்தது. 1876 திருத்தத்துக்குப் பிறகு பெண் கேட்டால், பிள்ளைகளோடு நிற்கும் விதவை மாதிரி குடும்பத்துக்கு அவளே தலைவியாக இருந்தால்தான் உண்டு. எல்லை தாண்டி அமெரிக்காவில் 1862 முதலே கல்யாணமாகாத பெண்ணும் வாங்கலாம். கனடாவில் 1930 வரை இதே கதை. அந்த 160 ஏக்கரை ஓட்டியதில் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் பெரிய பங்கு உண்டு.

நாத்தனாரிடம் பேசும்போது எத்தனை மாடு, எத்தனை கேலன் கிரீம் கேன், அதை ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது யார் என்று வரிசையாகக் கேளுங்கள். கிரீமுக்கு வந்த காசோலை யார் பெயரில் வந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள்.