மயில் துத்தம் ஏன் வெளுக்குது? சேலத்திலிருந்து கேள்வி பதில்

லேப்பில் பல வருஷம் நின்றவன். பிராக்டிகல் நெருங்குது, கேளுங்க. மயில் துத்தம்னா நீலக் காப்பர் சல்பேட் உப்பு. சூடாக்கினா படிகத்துக்குள்ளே இருக்கிற தண்ணீர் போய் வெளுக்கும். ஒன்று மட்டும் முதலிலேயே: துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீங்க.

அம்மாபேட்டை மாணவி: சார், துத்தத்தைச் சூடாக்கி எடை பார்த்தா, போற தண்ணீர் 36 சதவீதம் வரணும். எனக்கு 41 வந்துச்சு.

குரூசிபிள் (சூடாக்குற சின்னக் கிண்ணம்) அடியைப் பாரு கண்ணு. கறுப்புத் திட்டு இருக்கா? அப்படின்னா தண்ணீரோடு உப்பையும் சிதைச்சுட்டே. 249.7 கிராம் துத்தத்தில் தண்ணீர் 90 கிராம்தான். அதன் வாய்ப்பாட்டில் அஞ்சு தண்ணீர் மூலக்கூறு, அஞ்சும் ஒண்ணா கிளம்பாது. நாலு, 110 டிகிரி வாக்கில் போயிடும். அஞ்சாவது சல்பேட்டைப் பிடிச்சுக்கிட்டு 200 டிகிரி வரை அடம்பிடிக்கும். அது போகலையேன்னு தீயை ஏத்தினா, 600 டிகிரியை ஒட்டிச் சல்பர் ட்ரைஆக்சைடு கிளம்பி மூக்கை எரிக்கும். காப்பர் ஆக்சைடு கறுப்பா மிஞ்சும்.

கறுப்பே இல்லைன்னா, படபடன்னு வெடிச்சுத் தூள் வெளியே தெறிச்சிருக்கும். நல்லாப் பொடிச்சு, சின்னத் தீயில் ஆரம்பி. டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடி ஜாடி) ஆறவை, வெளியே வெச்சா காற்றின் ஈரத்தைக் குடிச்சு மறுபடி நீலம் தட்டும். அடுத்தடுத்து ரெண்டு எடை ஒண்ணா வரும்வரை சூடாக்கு.

நாகலூர் காபித் தோட்டக்காரர்: போர்டோ கலவைக்கு (துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) வாங்கின துத்தம் மேலாக வெளுத்துடுச்சுங்க. வீணா?

வீணில்லைங்க. தண்ணீரில் போட்டா நீலம் திரும்பும். இரும்பு வாளியில் மட்டும் கரைக்காதீங்க, துத்தத்தில் இருக்கிற செம்பு அந்த இரும்பு மேலேயே படிஞ்சிடும்.

ஏற்காடு: இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்குதே, துத்தமும் சீக்கிரம் வெளுக்குமா?

உங்க கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இல்லை.

ஓமலூர்: எப்சம் உப்பைக் (மக்னீசியம் சல்பேட்) காய்ச்சினா பாதி எடை போகுது. நம்ம வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) சூளையில் பாதி போகுது. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. எப்சம் இழப்பது 51 சதவீதம், மேக்னசைட் 52. எண் ஒட்டி வருவது தற்செயல். முன்னதில் போவது தண்ணீர், பின்னதில் கார்பன் டைஆக்சைடு.

ஓமலூர்: எங்கப்பா சூளையில் இருந்தவர் சார். ஈரம் போகுதுன்னுதான் சொல்வார்.

ஈரக்கல்லாக இருந்தா அதுவும் போயிருக்கும், அப்பா சொன்னது பொய்யில்லை. ஆனா காய்ஞ்ச கல்லும் பாதியாகுதே தம்பி? வர்ற வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டுப் பாருங்க, பாலாகும். எப்சம் ஆவியை வெளுத்த துத்தத்தில் காட்டுங்க, நீலமாகும். இன்னொண்ணு: காய்ச்சின எப்சத்துக்குத் தண்ணீர் கொடுத்தா பழைய உப்பு திரும்பும். சூளையில் வெந்து மிஞ்சுற மக்னீசியாவில் (மக்னீசியம் ஆக்சைடு) எவ்வளவு ஊத்தினாலும் வெள்ளைக்கல் திரும்பாது. உலைச் செங்கலுக்குப் போறது அந்த மக்னீசியாதான்.

ஆத்தூர்: துத்தத்தில் தண்ணீர் எத்தனை சதவீதம் சார்?

மேலே படிங்க.

வாழப்பாடி: பாட்டி வாணலியில் படிகாரம் பொரிப்பாங்க. அதுவும் இதுதானா?

இதேதான்! அதன் வாய்ப்பாட்டில் 12 தண்ணீர். உருகி, கொப்புளிச்சு, பஞ்சு மாதிரி உப்பி நிக்கும்.

வாழப்பாடி: அப்போ அதே வாணலியில் துத்தமும்...

முதல் பத்தி!