சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ரேம் மாற்றியும் நிற்கவில்லை. எந்தப் பாகம் பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாரத்தில் இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகிறது, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு தவிர வேறெதுவும் இல்லை, இரண்டு ப்ராசசர் உள்ள சர்வர், புது ரேம் போட்டும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி எந்தப் பாகமும் வாங்காதீர்கள். ஓ.எஸ். மறுபடி போடவும் வேண்டாம். இன்று இரவே முழு பேக்கப் எடுத்து, அது வேறொரு மெஷினில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

41 என்ற எண்ணுக்கு ‘முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது’ என்பது மட்டும்தான் அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. அந்தப் பதிவைத் திறந்தால் பக்செக் கோடு, அதாவது நீலத் திரையின் பிழை எண், என்று ஒரு வரி இருக்கும். அதில் பூஜ்யம் இருந்தால், நீலத் திரை காட்டி எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் அறுந்திருக்கலாம், அல்லது போர்டே தன்னை ரீசெட் செய்திருக்கலாம். ஓ.எஸ்.ஸிடம் இதற்கு மேல் தோண்டிப் பயனில்லை.

தோண்ட வேண்டிய இடம் பி.எம்.சி. சர்வர் போர்டிலேயே தனியாக ஓடிக்கொண்டிருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் அது. டெல்லில் ஐடிராக், எச்.பி.யில் ஐலோ என்று பெயர். சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் பிளக்கில் கரண்ட் வரும்வரை அது விழித்திருக்கும். ஃபேன் வேகம், வோல்டேஜ், சூடு, ரேம் பிழை எல்லாம் அதன் ஈவென்ட் லாக்கில் ஏறும். அந்த லாக்கை முதலில் ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பல மெஷின்களில் லாக் நிரம்பிவிட்டால் புதிய பதிவு ஏறாது. நேரத்தையும் கவனியுங்கள். பி.எம்.சி. கடிகாரம் பல இடங்களில் கிரீன்விச் நேரத்திலேயே விடப்பட்டிருக்கும். காலை 9.40 என்று காட்டுவது உண்மையில் நம் மதியம் 3.10. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல், ‘நின்ற நேரத்தில் லாக்கில் ஒன்றுமே இல்லையே’ என்று மூடிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உங்களுடையதைப் போலவே ஒரு சர்வர். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு தடவை ஓ.எஸ். போட்டுவிட்டார்கள், நான்கு ரேம் வாங்கிவிட்டார்கள். மதியம் மூன்று மணி வாக்கில், சரக்கு ஏற்றும் நேரமாகப் பார்த்து மெஷின் விழும். வெளியே லாரி நிற்கும். பில் போடும் அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கணக்கையும் நோட்டில் கையால் எழுதி வைக்க ஆரம்பித்திருந்தார். ஒரே வேலையை இரண்டு முறை செய்துகொண்டிருந்த அவரைப் பார்த்த பிறகு, குருட்டாம்போக்கில் பாகம் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூடியைத் திறந்ததும் பஞ்சுத் தூசி, ப்ராசசர் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் மேல் கம்பளி மாதிரி படிந்திருந்தது. இதுதான் காரணம் என்று நானும் நம்பினேன். சுத்தம் செய்தோம், ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்தது. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி விழுந்தது. அப்போதுதான் பி.எம்.சி. லாக்கை வரிவரியாகப் படித்தேன். ரேம் செருகும் இடங்களில் பி2 என்ற ஒரே ஸ்லாட்டில் திருத்தக்கூடிய பிழை, திருத்தக்கூடிய பிழை என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் திருத்த முடியாத பிழை, உடனே ரீசெட்.

சர்வரில் போடும் ஈ.சி.சி. ரேம் 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பும் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் புரண்டால் தவறு என்று தெரியும், ஆனால் திருத்த முடியாது. தவறான எண்ணைக் கணக்கில் எழுத விடுவதைவிட மெஷினை நிறுத்துவது மேல் என்று நிறுத்திவிடும். எப்போதாவது ஒரு முறை வரும் பிழையை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009-இல் வெளியான ஆய்விலும், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவானது; அவற்றில் பெரும்பகுதி தற்செயலாகப் புரண்ட பிட் அல்ல, நிரந்தரப் பழுது என்றே முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் ‘பி2-இல் பிழை’ என்றால் பி2-இல் இருக்கும் ரேம் கெட்டது என்று அர்த்தமில்லை. நீங்களும் இந்த இடத்தில்தான் தடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரேம், ஸ்லாட், ப்ராசசருக்குள் இருந்து ரேமைக் கட்டுப்படுத்தும் மெமரி கன்ட்ரோலர், ப்ராசசர் உட்காரும் சாக்கெட், இந்த நான்கில் எது பழுதானாலும் லாக்கில் அதே வரிதான் வரும். பிரித்தறிய காசு செலவில்லாத வழி இடம் மாற்றிப் பார்ப்பது. ஏ ஸ்லாட்டுகள் முதல் ப்ராசசருடையவை, பி ஸ்லாட்டுகள் இரண்டாவதுடையவை. பி2 ரேமை ஏ2-வுக்கும், ஏ2-வில் இருந்ததை பி2-வுக்கும் மாற்றினேன். பிழை ரேமோடு ஏ2-வுக்குப் போயிருந்தால் ரேம்தான் பழுது. போகவில்லை, பி2-விலேயே நின்றது. அடுத்த நாள் இரண்டு ப்ராசசரையும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். அப்போதும் பி2. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும், இதில் நான் பிடிவாதக்காரன். ரேமையும் ப்ராசசரையும் அன்றைக்கே சேர்த்து மாற்றியிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது.

ரேமும் ப்ராசசரும் இல்லை என்றானதால் மிச்சம் ஸ்லாட்டும் சாக்கெட்டும்தான். இரண்டாவது சாக்கெட்டை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு பின் லேசாக மடங்கியிருந்தது. முன்பு எப்போதோ தெர்மல் பேஸ்ட் மாற்ற ப்ராசசரைக் கழற்றியவர் கையில் பட்டிருக்க வேண்டும். அறை குளிர்ந்திருக்கும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கும், வெயில் ஏறி வேலையும் ஏறும்போது தொடர்பு விடும். ரேம் டெஸ்ட்டை இரவில் ஓட்டியதால்தான் ஒவ்வொரு முறையும் ‘பாஸ்’ என்று வந்திருக்கிறது. பின்னை நிமிர்த்த நான் முயலவில்லை, முறிந்தால் போர்டே போய்விடும். பி2-வைக் காலியாக விட்டு, குறைந்த மெமரியில் ஓட்டினோம். போர்டு மாற்றும்வரை ஒரு முறைகூட விழவில்லை.

ஹார்ட் டிஸ்க் பற்றிச் சுருக்கமாக: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 ஆகிய எண்ணுள்ள வரிகளின் கணக்கு ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் லாக்கில் ரேம் பெயரே இல்லாமல் பவர் சப்ளைக்கு வரும் கரண்ட் அறுந்ததாக இருந்தால் கதை வேறு. இரண்டு பவர் சப்ளை இருந்தும் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பார்கள், அதைப் பாருங்கள். பிறகு ஆள் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பவர் கார்டை மட்டும் எடுத்துவிட்டு, சர்வருக்கு நல்ல வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், பிறகு அடுத்ததை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டைத் தாண்டினால் நான் சர்வரை விட்டுவிட்டு எர்த் குழியைப் பார்க்கப் போவேன். கோடையில் அது காய்ந்து கிடக்கும்.

லாக்கில் நின்ற நேரத்தை ஒட்டி இருக்கும் பத்து வரிகளை அப்படியே கீழே எழுதுங்கள், எந்த ஸ்லாட்டில் எந்த ரேம் இருக்கிறது என்பதையும் சேர்த்து. நான் பார்த்துச் சொல்கிறேன்.